மார்கழியில் அடைகாத்தல்

கோழி அடைகாப்பதைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதப் புகுந்த எம்மை நோக்கி, 'தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர்க்கு வேறு பொருள் கிடைத்திலதோ?' என்று நண்பர் சிலர் நகைத்தனர். அவர்தம் நகைப்பு நியாயமானதே. காப்பிய நயம் ஒன்றையேனும் இலக்கண நுட்பம் ஒன்றையேனும் எடுத்து ஆராய்தல் வேண்டும் என்றே யாமும் முதலில் எண்ணினோம். அதற்கெனக் குறிப்புகளும் தொகுத்தோம். ஆயினும், எழுதுகோலை எடுக்குந்தோறும் எம் வீட்டுக் கொல்லையும், அதன் மூலையில் இருந்த மூங்கிற்கூடையும், ஓராண்டின் முன் மார்கழித் திங்களில் அக்கூடையின் பொருட்டு எமக்கு நேர்ந்த நாணமுமே முன்வந்து நின்றன. மனம் ஒன்றை நினைக்கக் கை வேறொன்றை எழுதுதல் நன்றன்று. ஆதலின் அதனையே எழுதத் துணிந்தோம்.

எம் வீடு ஓசூரை அடுத்த மத்திகிரிப் பக்கத்தில் உளது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,900 அடி உயர்ந்த மேட்டுநிலமாதலின், எம் ஊர் பிற மாவட்டங்களின் வெம்மையை அறியாது. 'குட்டி இங்கிலாந்து' என்ற பழம்பெயரும் அதற்கு உண்டு. 1824ஆம் ஆண்டிலேயே கும்பினியார் தம் படைக்கு வேண்டிய குதிரைகளை வளர்த்தற்கு இங்கே ஒரு பண்ணை நிறுவினர். பிற்காலத்தில் அஃது அரசினர் கால்நடைப் பண்ணையாக மாறி இன்றும் நிலவுகின்றது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. ராகி விளைந்த கொல்லைகளில் கடிகாரமும், இருசக்கர வண்டியும், பெருஞ்சுமை வண்டியும் செய்யும் ஆலைகள் தோன்றின. இன்று எம் தெருவில் கோழி கூவுமுன்னரே ஆலைக்குச் செல்லும் பேருந்தின் ஒலி எழுகின்றது.

எல்லைப்புறத்து ஊராதலின் எம் தெருவில் மொழிகளும் மூன்றாகும். எதிர்வீட்டு அம்மையார் தெலுங்கர். அவர் 'கோடி' என்பர். பின்வீட்டுப் பெரியவர் கன்னடர்; அவர் 'கோளி' என்பர். யாம் கோழி என்கின்றோம். ஒரு பறவை மும்மொழியிலும் ஏறக்குறைய ஒரே பெயரைப் பெற்று, மூன்று வீட்டுக் கொல்லையிலும் வேலி இன்னதென்று அறியாது மேய்ந்து திரிகின்றது. இனமொழிகளைப் பற்றி வகுப்பறையில் ஆசிரியர் கூறும்போதெல்லாம் எமக்கு அக்கோழிகளே நினைவிற்கு வரும்.

எம் வீட்டுக் கோழிகளுக்கு உடையவர் எம் ஆயா. தந்தையாரின் தாயாகிய அவருக்கு அகவை எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. முட்டை விற்ற காசையும் குஞ்சு விற்ற காசையும் அவர் ஒரு கடுகு டப்பாவில் இட்டு வைப்பர். யாம் கல்லூரியிற் சேர்ந்த நாளில் விடுதிக் கட்டணத்திற்குக் குறைந்த தொகையை அந்த டப்பாவிலிருந்தே எண்ணிக் கொடுத்தனர். கசங்கிய பத்து ரூபாய்த் தாள்கள் அவை. கட்டணச் சாளரத்தில் அவற்றை நீட்டுதற்கு யாம் அன்று கூசினோம். அதனை இப்பொழுது நினைப்பினும் நாணமாகவே இருக்கின்றது.

ஆயாவின் கோழிகளுள் ஒன்றற்கு மஞ்சக்காலி என்று பெயர். பெங்களூரில் வேளாண் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய கிரிராஜா இனத்தின் கலப்பு ஏனைய கோழிகளிடம் தோன்ற, இஃது ஒன்றே எம் பாட்டனார் தம் இறுதிக்காலத்தில் சந்தையிலிருந்து கொணர்ந்த நாட்டுக்கோழியின் வழிவந்தது. கால்கள் மஞ்சள் பூசியன போல் இருக்கும். வீட்டுக்கோழிகளுக்கு மூதாதை சிவந்த காட்டுக்கோழியே என்பர். ஆயினும் இம்மஞ்சள் நிறத்திற்குரிய மரபுக்கூறு நம் தென்னாட்டுக் காடுகளில் வாழும் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென்று 2008ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி காட்டியுளது. இச்செய்தியை யாம் கூறியபோது ஆயா வியப்புற்றிலர். 'அது காட்டுப்புத்திக் கோழிதான். அதனால்தான் குஞ்சை நன்றாகப் பார்க்கும்' என்றனர்.

கோழி முட்டையிடுதற்கு நீண்ட பகலொளி வேண்டும். பதினான்கு மணி நேரத்திற்குக் குறையாத ஒளி கிடைப்பின் அது நன்கு இடும். டிசம்பர் மாதத்தில் எம் ஊரில் பகற்பொழுது ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரமே. ஆதலின் குளிர்காலத்தில் முட்டை அருகும். அடைக்கு அமரும் கோழியோ இன்னும் அரிது. அவ்வாண்டு மஞ்சக்காலி மட்டும் கார்த்திகை முடிவில் அடைக்குரல் கொடுக்கத் தொடங்கிற்று. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூடையைவிட்டு நீங்காது கிடந்தது. பருவத்தேர்வு முடித்து யாம் வீடு திரும்பியிருந்த சமயம் அது. டிசம்பர் 8ஆம் நாள் மாலை ஆயா அதனை அடை வைத்தனர்.

அடை வைத்தலும் ஒரு சடங்கே. மூங்கிற்கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோலை வளைத்திட்டு, ஒரு கரித்துண்டையும் ஓர் இரும்பாணியையும் ஓரத்தில் செருகினர். இடி இடித்தால் கரு கலங்காமல் இருத்தற்கு இவை வேண்டுமாம். பின்னர்ப் பதினொரு முட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்து வைத்தனர். இரும்பையும் கரியையும் கண்டு யாம் நகைத்தோம். ஆயினும் கண்ணிமையைக் கண்டு நகைத்தற்கு இயலவில்லை. எகிப்து நாட்டில் மண்ணாற் கட்டிய சூளைகளில் சாணத்தீ மூட்டி ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கும் பழங்கலை ஒன்று உண்டு. அங்குள்ள தொழிலாளர் வெப்பமானியின் உதவியின்றி முட்டையைக் கண்ணிமையில் வைத்தே அதன் சூட்டை அறிவர் என்று யாம் படித்திருந்தோம். அக்கலையைக் கேட்டறிந்து மேலைநாட்டிற்கேற்ப அமைக்க முயன்ற ரெயோமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1749ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். நைல்நதிக் கரையிலும் எம் கொல்லையிலும் வெப்பமானி ஒன்றே என்பது எமக்குப் பேருவகை தந்தது.

அடுத்த சில நாள் யாம் மஞ்சக்காலியை நோக்கியிருப்பதையே தொழிலாகக் கொண்டோம். அது நாளுக்கு ஒருமுறை எழுந்து, சிறிது இரை தின்று, நீர் பருகி, புழுதியாடி விரைந்து மீளும். பலமுறை தன் அலகால் முட்டைகளை உருட்டித் திருப்பும். திருப்பாவிடில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு கெடும். தொல்காப்பிய மரபியலில் பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களும், பெண்பாலுள் கோழிக்கும் கூகைக்கும் அளகு என்னும் பெயரும் கூறப்பட்டுள்ளன. 'அளகு அமர்ந்திருக்கின்றது' என்று யாம் தம்பியிடம் கூறுவோம். அவன் எம்மை ஒருவாறு நோக்கிவிட்டுச் செல்வான். ஏழாம்நாள் இருட்டறையில் முட்டைகளை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தோம். ஒன்பதில் செந்நரம்புகள் சிலந்திவலைபோல் படர்ந்திருந்தன. இரண்டு வெறிதே ஒளிர்ந்தன. அவை கூமுட்டை என்று ஆயா எடுத்துவிட்டனர்.

இனிக் கூறவேண்டுவதைக் கூறுகின்றோம்.

டிசம்பர் 19ஆம் நாள் இரவு எம் ஊரில் கடும் பனி. தந்தையார் இரவு ஷிப்டிற்குச் சென்றிருந்தார். யாம் கம்பளிக்குள் புகுந்து ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருந்தோம். கொல்லைக் கொட்டிலின் கதவைச் சாத்திக் கொண்டியிடுவது விடுமுறை நாளில் எம் கடன். அடுத்த அறையிலிருந்து ஆயா, 'கொண்டி போட்டாயா, கண்ணு?' என்று கேட்டனர்.

'போட்டேன், ஆயா' என்றோம்.

போட்டிலோம். இவ்வியலை முடித்துவிட்டு எழுவோம் என்று எண்ணினோம். இயல் முடிந்தது; அடுத்த இயலும் முடிந்தது; பின்னர் உறங்கிவிட்டோம்.

விடியலில் ஆயாவின் குரல் எழுப்பிற்று. கொட்டிலின் கதவு திறந்து கிடந்தது. கூடையிலிருந்து வேலிவரையில் இறகுகள் சிதறியிருந்தன. வேலியடியில் மஞ்சக்காலியின் ஒரு கால் மட்டும் கிடந்தது. வந்தது காட்டுப்பூனையோ மரநாயோ அறியோம். எதிர்வீட்டுச் சேவல் அப்பொழுது கூவிற்று. சேவல் கூவக் கேட்டு வெளியே சென்று மனங்கசந்து அழுத சீடர் ஒருவரின் கதையை இளமைமுதல் ஞாயிறு வகுப்பிற் கேட்டு வளர்ந்தோம். அவ்வளவு பெரிய பொய்யன்று எம்முடையது என்று அக்கணத்திலும் மனம் தனக்குத்தானே வழக்காடியது. ஆயா எம்மை ஒன்றும் கேட்டிலர். யாமும் ஒன்றும் கூறிலோம்.

மற்றொன்றும் அப்பொழுது நினைவிற்கு வந்தது. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 139ஆம் பாட்டில், மாலைப்பொழுதில் வேலியருகே வெருகு வரக் கண்ட மனைக்கோழி, தன் பிள்ளைகளைக் கூவியழைக்கும் காட்சி ஒன்று வருகின்றது. நவம்பர்த் தேர்வில் அப்பாட்டிற்கு விளக்கம் எழுதி நன்மதிப்பெண் பெற்றிருந்தோம். வெருகு என்பதற்குக் காட்டுப்பூனை என்று பொருளும் எழுதினோம். ஆயின் அப்புலவர் கண்ட அச்சம் இன்னதென்பதை அன்று விடியலில்தான் அறிந்தோம். அக்கோழிக்குக் கூவுதற்கேனும் பொழுது கிடைத்தது. முட்டையின்மேல் இருந்த எம் கோழி எழுந்தோடவும் ஒருப்படாமல் இருந்திருக்கும்.

ஆயா இறகுகளைக் கூட்டித் தள்ளவில்லை. முட்டைகளை நோக்கியே சென்றனர். ஒன்பதும் உடையாமல் இருந்தன, ஆயின் குளிர்ந்துவிட்டன. அவ்விடியலில் வெளிவெப்பம் 13 பாகை செல்சியஸ் அளவே இருந்தது. ஆயா ஒவ்வொன்றையும் இமையில் ஒற்றிப் பார்த்துத் தம் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு, அடுப்பங்கரைக்கு வந்து அமர்ந்தனர். 'வேறு அடைக்கோழி எங்கேனும் உண்டா, கேட்டு வா' என்றனர். தெரு முழுதும் ஓடினோம். குளிர்காலமாதலின் எவர் வீட்டிலும் அடைக்கோழி இல்லை.

மத்திகிரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி ஒன்று உளது. எம்முடன் பள்ளியிற் பயின்ற நண்பர் ஒருவர் அங்குப் படிக்கின்றார். அவரைக் கைப்பேசியில் அழைத்தோம். 'அடைகாலத்தின் நடுவில் சில மணி நேரம் குளிர்ந்ததனால் எல்லாக் கருவும் இறந்துவிடா. முதலில் மெல்லச் சூடேற்றுங்கள். பொரிக்கும் நாள் சற்றுத் தள்ளிப்போகும்' என்று அவர் கூறினார். கருவிற்கு வேண்டும் வெப்பம் ஏறக்குறைய 37.5 பாகை. குளிரைவிட மிகுவெப்பமே கொடியது. மூன்று பாகை மிகுந்து சில மணி நேரம் நிற்பின் கரு மாளுதல் கூடும். காற்றும் வறளலாகாது. பதினெட்டாம் நாள்வரையில் முட்டைகளைத் திருப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். இவையனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். நூறு செய்யுளை மனப்பாடம் செய்த காலத்திலும் அத்துணைக் கவனம் எமக்கு இருந்ததில்லை.

கடைத்தெருவில் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கினோம். அதன் பக்கத்தில் 40 வாட்டுக் குமிழ்விளக்கு ஒன்றைப் பொருத்தினோம். மூலையில் ஒரு கிண்ணம் நீர் வைத்தோம். காற்றுக்குச் சில துளைகள் இட்டோம். முட்டைகளின் மேல்மட்டத்திற்கு ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டோம். வெப்பம் மிகுந்தால் மூடியைச் சிறிது நீக்குதல், குறைந்தால் மூடிக் கம்பளி போர்த்தல். இதுவே எம் பொறியியல். ஒவ்வொரு முட்டையிலும் ஒருபுறம் வட்டமும் மறுபுறம் பெருக்கற்குறியும் கரிக்கோலால் இட்டு, திருப்பியதும் திருப்பாததும் தெரியச் செய்தோம். அன்று மாலை மீண்டும் ஒளியிற் பார்த்தபோது ஏழு முட்டைகளில் கரு அசையக் கண்டோம். இரண்டில் அசைவு இல்லை.

பகலில் அன்னையார், மாலையில் தம்பி, இரவில் யாம், விடியலில் வேலை முடித்து வரும் தந்தையார் என முறை வகுத்துக்கொண்டோம். 'ஆலையில் மூன்று ஷிப்டு. வீட்டில் நான்கு' என்று தந்தையார் நகைத்தார். இரவு முறையை யாமே கேட்டுப் பெற்றோம். ஏன் என்று எவரும் வினவவில்லை. மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை கைப்பேசி மணி ஒலிக்க எழுந்து முட்டைகளைத் திருப்புவோம். கோழி ஒன்று யாதொரு மணியும் ஒலிக்காமல், யாவர் ஏவலும் இன்றி இதனைச் செய்துவந்தது என்னும் எண்ணம் எழுந்தோறும் தோன்றும். நான்காம் இரவில் எமக்குத் தலை சுற்றிற்று. அதுவோ பன்னிரண்டு நாள் செய்திருந்தது.

டிசம்பர் 24ஆம் நாள் இரவு கிறிஸ்து பிறப்புத் திருநாளின் நள்ளிரவு ஆராதனைக்கு வீட்டார் சென்றனர். நினைவு தெரிந்த நாள்முதல் அவ்வாராதனைக்கு யாம் தவறியதில்லை. அன்று முட்டைகளின் பொருட்டு வீட்டிலிருந்தோம். முழங்கால் நோவினால் ஆயாவும் இருந்தனர். பதினொன்றரை மணியளவில் மின்சாரம் நின்றது. விளக்கணைந்த பெட்டியில் வெப்பமானி மெல்ல இறங்கலாயிற்று. 36 பாகை, 35, 33.

ஆயா பதற்றமின்றி அடுப்பை மூட்டி நீர் காய வைத்தனர். இரண்டு புட்டிகளில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். அதனைச் சுற்றிக் கம்பளி போர்த்தோம். பால்குடில் முன் ஏற்றுதற்கு வாங்கிய மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு இருவரும் பெட்டியின் இருபுறமும் அமர்ந்தோம். புட்டி ஆறுந்தோறும் நீரை மாற்றுவதும், முட்டையை இமையில் ஒற்றிப் பார்ப்பதுமாகப் பொழுது சென்றது. முதன்முறையாக யாமும் ஒரு முட்டையை எம் கண்ணிமையில் வைத்துப் பார்த்தோம். உயிருள்ள ஒன்றின் வெம்மை அங்கே மெல்லப் படிந்தது. அப்பொழுது தொலைவில் ஆலயமணி ஒலித்தது.

'ஆயா, அன்றைக்கு நான் கொண்டி போடவில்லை' என்றோம்.

ஆயா புட்டியில் சுற்றிய துணியைச் சரிசெய்துகொண்டே, 'தெரியும், கண்ணு. விடியலில் போனபோது கொண்டி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது' என்றனர்.

'தெரிந்துமா ஒன்றும் சொல்லாமல் இருந்தீர்கள்?'

'சொன்னால் மஞ்சக்காலி வருமா? குளிரில் எழச் சோம்பல் யாருக்கும் வரும். எனக்கும் வரும். ஆனால், போடவில்லை என்று நீ சொல்லியிருந்தால் நானே எழுந்து போய்ப் போட்டிருப்பேன்' என்றனர். சிறிது பொறுத்து, 'தண்ணீர் ஆறிவிட்டது, பார்' என்றனர்.

அவர் கூறியது அவ்வளவே. எம் பிழை சோம்பல் என்றே யாம் அதுவரை கருதியிருந்தோம். அன்றிரவே அஃது இன்னதென்று விளங்கிற்று. செய்யாத கடனை 'செய்திலேம்' என்று கூறுவோமாயின், பிறர் ஒருவர் எழுந்து அதனைச் செய்தற்கு வழியுண்டு. 'செய்தேம்' என்று கூறிவிட்டாலோ, அவ்வழியையும் அடைத்துவிடுகின்றோம். முழங்கால் நோவுடைய முதியவர் ஒருவர் பனியில் எழுந்து சென்று ஓர் உயிரைக் காத்திருப்பார். காக்கவொட்டாமல் தடுத்தது எம் ஒரு சொல். கதவைத் திறந்து வைத்தது எம் சோம்பல். அதனைத் திறந்தபடியே இருக்கச் செய்தது எம் பொய்.

ஒன்றேகால் மணியளவில் மின்சாரம் வந்தது. வீட்டாரும் மீண்டனர். தம்பி எமக்கெனத் துணியில் முடிந்து கொணர்ந்த திருநாள் அப்பத்தை ஆயாவும் யாமும் பகிர்ந்துண்டோம்.

பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்திவிட்டுக் கடைசி முறையாக ஒளியிற் பார்த்தபோது ஏழனுள் ஒன்று அசைவற்றிருந்தது. ஆறு எஞ்சின. இருபத்தொரு நாள் நிறைந்த டிசம்பர் 29ஆம் நாள் முட்டைகளினுள்ளே மெல்லிய கீச்சொலி கேட்டது, ஓடு உடையவில்லை. நண்பர் கூறியவாறே குளிர் பட்ட முட்டைகள் காலம் தாழ்த்தன. மறுநாள் விடியலில் ஓர் ஓட்டில் சிறு விண்டல் தோன்றியது. குஞ்சின் அலகு நுனியில் முள்போன்றதொரு சிறு பல் உண்டு. பொரிந்த சில நாளில் அஃது உதிர்ந்துவிடும். அதனால் ஓட்டை வட்டமாகக் கீறிக்கொண்டு நனைந்த ஒரு பிள்ளை வெளியே விழுந்தது. மாலைக்குள் நான்கு வந்தன.

ஐந்தாவது முட்டையிலும் விண்டல் இருந்தது. பதினாறு மணி நேரமாகியும் குஞ்சு வெளிப்படவில்லை. ஆயா உறங்கச் சென்றிருந்தனர். யாம் பொறுமையிழந்து, உதவுவோம் என்று நகத்தால் ஓட்டைப் பெயர்த்தோம். உள்ளிருந்த சவ்வினின்று குருதி கசிந்தது. முதல் விண்டலுக்குப் பின் ஒரு நாள்வரையில் குஞ்சு உள்ளேயே இருந்து குருதியையும் எஞ்சிய மஞ்சட்கருவையும் தன் உடலுக்குள் ஈர்த்துக்கொள்ளும் என்பதை நண்பரிடமிருந்து பின்னரே அறிந்தோம். அது விடியுமுன் இறந்தது. இம்முறை யாமே ஆயாவை எழுப்பி, 'நான் ஓட்டைப் பிரித்தேன்; செத்துவிட்டது' என்றோம். ஆயா அதனை முருங்கையடியில் புதைத்தனர். ஆறாவது முட்டை பொரியவே இல்லை.

பதினொன்றில் நான்கு. வாணிகக் கணக்கில் இது பெரும் நட்டமே. ஆயினும் அந்நான்கையும் தைமாதக் குளிரினின்று காத்தல் வேண்டியிருந்தது. பொரித்த குஞ்சிற்குத் தன் உடற்சூட்டைத் தானே காக்கும் ஆற்றல் இல்லை. முதல் வாரத்தில் ஏறக்குறைய 35 பாகை வேண்டும். வாரந்தோறும் மூன்று பாகை குறைத்துக்கொண்டே வரலாம். பஞ்சாரத்தைச் சாக்கால் மூடி அதனுள் விளக்கைத் தொங்கவிட்டோம். குஞ்சுகள் விளக்கடியில் நெருங்கி ஒடுங்கினால் குளிர்; சுவரோரம் விலகி வாய் திறந்தால் வெப்பம்; பரவலாக ஓடியாடி இரை கொத்தினால் போதிய சூடு. அவற்றை நோக்கின் வெப்பமானியே வேண்டா என்றனர் ஆயா. ஏழாம்நாள் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசென்று வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு முன்தடுப்பாகக் கண்ணில் சொட்டுமருந்து இடுவித்தோம். இமயமலை ஊர் ஒன்றின் பெயரால் இராணிக்கேட் நோய் என்று வழங்குவதும் இதுவே. 1920களில் நம் நாட்டிற் கண்டறியப்பட்ட இந்நோய் புகுந்தால் தெருக்கோழி அனைத்தும் இரண்டொரு வாரத்தில் மடிதலும் உண்டு.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பினோம். ஞாயிறுதோறும் வீட்டிற்குப் பேசுவோம். ஆயா எம் உடல்நலத்தைக் கேட்குமுன் குஞ்சுகளின் நலத்தைக் கூறுவர். சேவல் இரண்டு, பெட்டை இரண்டு என்று பங்குனியில் தெளிவாயிற்று. பெட்டைகளுள் ஒன்றற்குக் கால் மஞ்சளாக இருந்தது. சேவல்கள் ஆவணியில் விலைபோயின. அத்தொகை இவ்வாண்டு எம் தேர்வுக் கட்டணத்துடன் கலந்தது. கட்டணச் சாளரத்தில் அக்கசங்கிய தாள்களை நீட்டும்போது இம்முறை எம் கை கூசவில்லை.

'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?' என்பது நம் நாட்டுப் பழமொழி. அன்புடையார் கையால் தீங்கு நேராது என்பது அதன் பொருள். யாமும் அக்குஞ்சுகளிடம் அன்புடையோமாகவே இருந்தோம். ஆயினும் எம் கையால் ஒன்று மாண்டது. எம் சொல்லால் ஒரு தாய் மாண்டது. ஆதலின் அன்பு மட்டும் போதாது போலும். கோழியின் அன்பு நாளுக்குப் பலமுறை முட்டையைத் திருப்பும் அன்பு. எழவேண்டிய பொழுதில் எழுவதும் இருக்கவேண்டிய பொழுதில் இருப்பதும் அறிந்த அன்பு. தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ் அணைக்கும் கோழியை நம் ஆண்டவர் தமக்கே உவமையாக எடுத்துக் கூறியதன் ஆழத்தை, யாம் பெட்டியருகே விழித்திருந்த இரவுகளிற் சிறிது உணர்ந்தோம்.

கடந்த மார்கழி விடுமுறையிலும் வீட்டிற்குச் சென்றிருந்தோம். மஞ்சட்கால் பெட்டை முதன்முறையாக அடைக்கு அமர்ந்திருந்தது. அதே கூடை, அதே மணல், அதே கரியும் இரும்பும். இம்முறை அவற்றைச் செருகியவர் யாமே. இரவு உணவு முடிந்து கம்பளிக்குள் புகுந்திருந்தோம். வெளியே பனி கொட்டிற்று. அடுத்த அறையிலிருந்து, 'கொண்டி போட்டாயா, கண்ணு?' என்று குரல் வந்தது.

போட்டதாகவே நினைவு. ஆயினும் ஐயம் ஒன்று தோன்றிற்று. 'தெரியவில்லை, ஆயா, பார்த்துவிட்டு வருகிறேன்' என்று எழுந்து, குளிரில் கொல்லைக்குச் சென்று, இருட்டில் தடவிப் பார்த்தோம். கொண்டி கைக்குச் சில்லென்று தட்டுப்பட்டது. போட்டுத்தான் இருந்தது.